ஒரு திருத்தம்: சுவர்க்கோழி எங்கேயும் போகலைங்க

இன்னைக்குக் கொஞ்சம் கூச்சத்தோட பேச வேண்டியிருக்கு. வழக்கமா டீக்கடை, சந்தை, காவிரிக்கரைன்னு ஏதாவது ஒரு சின்ன சந்தோஷத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுவேன். இன்னைக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு திருத்தம் சொல்லணும். பேப்பர்ல தப்பா போட்டுட்டா மறுநாள் ஒரு மூலையில 'வருந்துகிறோம்'னு போடுவாங்க பாருங்க, அந்த மாதிரி.

மூணு வருஷத்துக்கு முன்னாடி 'காணாமல் போன ராத்திரிகள்'னு ஒரு எபிசோட் போட்டிருந்தேன். பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுல நான் சொன்னது இதுதான்: எங்க குமாரபாளையத்துல சின்ன வயசுல ராத்திரியானா சுவர்க்கோழி சத்தம் விடாம கேக்கும், இப்ப ஒண்ணுகூட இல்லை, செல்போன் டவரோ பூச்சிமருந்தோ சிமெண்ட் ரோடோ எதுவோ ஒண்ணு அதைக் கொன்னுருச்சு. ரொம்ப உருகிப் பேசியிருந்தேன். நிறையப் பேரு 'ஆமாங்க, எங்க ஊர்லயும் கேக்கறதே இல்லை'ன்னு எழுதினீங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

அது தப்புங்க. சுவர்க்கோழி எங்கேயும் போகலை. எங்க கிணத்தடியிலயே, துணி துவைக்கிற கல்லுக்கு அடியிலேயே இருந்திருக்கு. போனது என் காது.

'ஆமாங்க'ன்னு எழுதினவங்க எல்லாரும் என் வயசா இருக்குமோன்னு இப்ப யோசிக்கிறேன். எனக்கு 57.

கதையை முதல்ல இருந்து சொல்லிடறேன். குமாரபாளையம் தெரியாதவங்களுக்காக: காவிரிக்கு இந்தப்பக்கம் நாங்க, அந்தப்பக்கம் பவானி. அவங்க ஜமுக்காளத்துக்குப் பேர்போனவங்க. நாங்க விசைத்தறி. எங்க தெருவுல எந்த வீட்டுக்குப் போனாலும் பின்னாடி ஒரு தறிக்குடோன் இருக்கும். நான் 11 வயசுல லீவு நாள்ல தார் சுத்த உக்காந்தேன். 17 வயசுல தறி ஓட்ட ஆரம்பிச்சேன், 1985. 2012 மின்வெட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பாதி நாள் கரண்ட் இல்லை, வட்டி மட்டும் முழுநாளும் ஓடுச்சு. தறியை இரும்பு விலைக்குப் போட்டுட்டு, நோட்டு பேனா விக்கிற கடை வெச்சேன். 27 வருஷம் தறிச்சத்தம். ஒரு ஷிப்ட் 12 மணி நேரம்.

அந்தச் சத்தம் எப்படின்னு கேக்காதவங்களுக்குச் சொல்லிப் புரியவைக்கிறது கஷ்டம். நாடா இந்தப்பக்கத்துல இருந்து அந்தப்பக்கம் அடிபட்டுப் பறக்கும், அங்க போய் முட்டும், திரும்ப அடிபடும். ஒரு தறின்னா தாளம் மாதிரி இருக்கும். பதினாறு தறின்னா தாளம் கிடையாது, மழை. தகர ஷீட் மேல கல்மழை. உள்ள யாரும் பேசமாட்டோம். வாயசைவு, கையசைவு, அவ்வளவுதான். காப்பி வேணுமான்னு ஒரு விரல், மேஸ்திரி வர்றாருன்னா மீசையைத் தடவிக் காட்டறது. இங்கிலாந்துல லங்காஷயர்னு ஒரு பக்கம், அந்தக் காலத்துல நூத்துக்கணக்குல நெசவு மில்லு ஓடுன ஊருங்க. அங்கயும் மில்லுப் பொம்பளைங்க வாயைப் பெரிசா அசைச்சு சத்தமில்லாம பேசிக்குவாங்களாம், அதுக்கு 'மீ-மா'ன்னு பேரே வெச்சிருக்காங்க. படிச்சப்போ, 'அட, நம்ம சாதி ஜனம்'னு தோணுச்சு.

இதுல ஒரு வேடிக்கை. அந்த மழைக்குள்ள எனக்கு அவ்வளவு நுணுக்கமா காது கேக்கும். எட்டாவது தறியில ஊடை அத்துப்போச்சுன்னா முதுகைக் காட்டி நின்னாலும் தெரியும். தூக்கத்துல ஒரு தறி நின்னுபோனா முழிப்பு வந்துரும். எனக்குப் பாம்புச்செவின்னு எங்கப்பா சொல்லுவார். அந்தத் தெம்பு மனசுல இருந்ததாலதான் காது மங்கறதை நம்பவே இல்லைன்னு நினைக்கிறேன்.

அப்புறம் இந்த சுவர்க்கோழி. நாங்க அதைக் கேட்டதே கரண்ட் போனாத்தான். தறி ஓடறப்போ ஊருல வேற எந்தச் சத்தமும் எடுபடாது. கரண்ட் போனவுடனே ஒரு விநாடி, அப்படியே ஊரு மூச்சை நிறுத்தின மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா வரும். முதல்ல நாய். அப்புறம் யாரோ வீட்டுல குழந்தை அழுகை. கடைசியா சுவர்க்கோழி. அது வந்துச்சுன்னா அப்பா தோள்துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டுத் திண்ணைக்கு வந்துருவார்னு அர்த்தம். கரண்ட் வர்ற வரைக்கும் அவர் எங்களுக்குத்தான். அந்த எபிசோட்ல நான் ஏங்குனது பூச்சிக்கு இல்லைன்னு உங்களுக்கும் புரிஞ்சிருக்கும்.

சரி. காது.

முதல்ல எல்லாரும் முணுமுணுன்னு பேச ஆரம்பிச்சாங்க. அதாவது, எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. 'இந்தக் காலத்துப் பசங்க வாயைத் திறந்து பேசறதில்லை'ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். டிவி சத்தத்தைக் கூட்டறப்போ, டிவி கம்பெனிக்காரனைத் திட்டினேன். வீட்டுக்காரம்மா பத்துத் தடவை கூப்பிட்டேன்னு சொன்னா, நீ மனசுக்குள்ள கூப்பிட்டிருப்பேன்னு சொல்லுவேன்.

அப்புறம் ஒரு கல்யாண மண்டபம். நாதஸ்வரம், பந்தி, பாத்திரச் சத்தம். தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்தார். அவங்க அண்ணன் ரெண்டு மாசமா கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில இருந்தது எனக்குத் தெரியும். 'அண்ணன் எப்படி இருக்காருங்க?'ன்னேன். அவர் குனிஞ்சு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது 'தேறிட்டாருங்க'. நான் அவர் கையைப் பிடிச்சு, 'ரொம்ப சந்தோஷமுங்க, சாமி கண்ணைத் திறந்துச்சு'ன்னேன். சிரிச்சுக்கிட்டே.

அவர் சொன்னது 'தவறிட்டாருங்க'.

அவர் ஒண்ணும் சொல்லலை. கையை மெதுவா எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். பின்னாடி விஷயம் தெரிஞ்சு நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிய மனசுக்காரர், 'விடுங்க மாப்ளே'ன்னுட்டார். அப்பவும் நான் டாக்டர்கிட்டப் போகலை. விசேஷங்களுக்குப் போறதைக் குறைச்சுக்கிட்டேன். அவ்வளவு வீம்பு.

என்னை நகர்த்துனது என் பேத்திங்க. மக வயித்துப் பேத்தி, அஞ்சு வயசு. கதை சொல்லிக்கிட்டே இருப்பா. பள்ளிக்கூடத்துல யாரு யாரைக் கிள்ளுனா, மிஸ்ஸு என்ன கலர் சேலை, எறும்பு எங்க போகுது, எல்லாம். குழந்தைங்க குரல் மெலிசு. நான் பாதிக்கு மேல கேக்காம 'சரி சாமி, சரி சாமி'ன்னு தலையாட்டுவேன். ஒருநாள் வீட்டுக்காரம்மா சொன்னா: 'இப்பெல்லாம் அவ உங்ககிட்ட ஒண்ணும் சொல்றதில்லை, கவனிச்சீங்களா? என்னாச்சுன்னு கேட்டேன். அப்பிச்சிக்கு எது சொன்னாலும் சரின்னுதான் சொல்லத் தெரியும், நீ கேளு அம்மிச்சி, அப்படிங்கறா.'

எனக்கு அது பேத்தியைப் பத்தின சேதியா படலை. எங்கப்பா ஞாபகம் வந்துருச்சு. கடைசி ஏழெட்டு வருஷம் அவரும் இப்படித்தான். எது கேட்டாலும் 'ஆமா, ஆமா'. நாங்க அவரை 'டமாரம்'னு சொல்லிச் சிரிப்போம், அவர் எதிர்லயே. அவரும் கூடச் சிரிப்பார். அப்புறம் வயசாச்சு, உலகத்துல பிடிப்பு விட்டுப்போச்சு, தன்பாட்டுக்கு இருக்கார்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம். 2006-ல போயிட்டார். பிடிப்பெல்லாம் விட்டிருக்காதுங்க. யாரும் திரும்பச் சொல்லலை, அவ்வளவுதான்.

[சிறு இடைவெளி]

அடுத்த வாரம் ஈரோட்டுக்குப் போனேன். சத்தம் புகாத ஒரு சின்ன ரூம், பாங்க் லாக்கருக்குள்ள உக்காந்த மாதிரி. காதுல ஹெட்போன். கையில ஒரு பொத்தான். 'பீப்' சத்தம் கேட்டா அமுக்கணும். நான் நல்லா அமுக்கிக்கிட்டு வந்தேன். இடையில ரொம்ப நேரம் ஒண்ணுமே வரலை. மெஷின் கோளாறு போலிருக்குன்னு கண்ணாடி வழியா அந்தப் பொண்ணைப் பார்த்தா, அவங்க வேகமா எழுதிக்கிட்டே இருக்காங்க. அப்பத்தான் வயித்தைப் பிசைஞ்சுச்சு.

வெளிய வந்ததும் ஒரு கட்டம்போட்ட தாளைக் காட்டுனாங்க. வலது காதுக்கு சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கட்ட சத்தத்துல கோடு மேலயே போகுது. கீச்சு சத்தத்துக்கு வர வர இறங்குது. 4000 ஹெர்ட்ஸ்கிட்ட வந்ததும் கிணத்துல விழுந்த மாதிரி ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துல விரலை வெச்சு அவங்க கேட்டாங்க: 'சார், நீங்க தறி ஓட்டியிருக்கீங்களா?'

நான் என் தொழிலைச் சொல்லவே இல்லைங்க. கைரேகை மாதிரி, சத்தத்துல வேலை பார்த்தவங்க காதுல முதல்ல பள்ளம் விழறது பெரும்பாலும் அந்த இடத்துலதானாம். உள்காதுல நத்தைக்கூடு மாதிரி ஒரு உறுப்பு, அதுக்குள்ள மயிர் மாதிரி நுனி வெச்ச அணுக்கள். சத்தத்தை மூளைக்குச் சொல்றது அதுங்கதான். கீச்சு சத்தத்தை வாங்குறதெல்லாம் வாசல்பக்கம் இருக்கு. செத்துப்போனா மனுஷனுக்கு மறுபடி முளைக்காது. 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் இருக்கலாம்னு ஒரு கணக்கு. அதுக்கு மேல மூணு மூணு டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியா குறையும். 88-க்கு நாலு மணி, 91-க்கு ரெண்டு. நான் அப்புறம் மச்சான் குடோனுக்குப் போய் போன்ல ஒரு ஆப் போட்டு அளந்தேன். அது துல்லியம்னு சொல்லமாட்டேன், ஆனா 98-ங்குச்சு. அந்தக் கணக்குப்படி அங்க அரைமணி நேரம் நிக்கறதே அதிகம். நாங்க 12 மணி நேரம். காதுக்கு என்ன பாதுகாப்புன்னா, எண்ணெய் துடைக்கிற கழிவுப்பஞ்சைக் கொஞ்சம் திணிச்சுக்குவோம். அது குளிருக்குத்தான் ஆகும்.

ஏன் 'கேக்குது, ஆனா புரியலை'ன்னும் அன்னைக்குத்தான் விளங்குச்சு. அ, ஆ, ஓ மாதிரி உயிரெழுத்துச் சத்தமெல்லாம் கட்டை, அது எனக்கு நல்லா கேக்கும். 'ச', 'த', 'ப', 'க' எல்லாம் மெலிசான, கீச்சான ஓசை. அது விழுந்துருச்சு. பட்டு, தட்டு, கட்டு, எல்லாம் எனக்கு 'அட்டு'. மிச்சத்தை நானே ஊகம் பண்ணி நிரப்பிக்கிட்டு இருந்திருக்கேன். சாயங்காலம் ஆனா தலைவலி வர்றதுக்குக் காரணம் அதுவாத்தான் இருக்கணும். நாள் முழுக்கக் குறுக்கெழுத்துப் போட்டா வலிக்காதா?

இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்த எபிசோட்களை எடிட் பண்ற தம்பிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்சம் தயங்கிட்டு, 'அண்ணா, நீங்க அனுப்புற ஆடியோவுல 'ச' வர்ற இடமெல்லாம் காதைக் கிழிக்கும். நான் குறைச்சுட்டுத்தான் போடுவேன்'ன்னான். எனக்குக் கேக்கலைன்னு நான் கீச்சு சத்தத்தை ஏத்தி வெச்சு அனுப்பியிருக்கேன். மூணு வருஷமா என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லாம சரிபண்ணியிருக்கான். (சிரிக்கிறார்) தம்பி, இதை வெட்டிராதே.

காதுக்கருவி வாங்குனேன். ரெண்டு காதுக்கும் சேர்த்து 64000 ரூபாய். மூக்குக்கண்ணாடி போட்டப்போ ஊருல ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. இதுக்கு மட்டும் தலைமுடியை இழுத்து மறைச்சுக்கிட்டுக் கடையில உக்காந்தேன். மறைக்கிற அளவுக்கு முடி இல்லைங்கறது வேற விஷயம்.

முதல் மூணு நாள் நரகம். பேப்பரைத் திருப்புனா வெடி. எவர்சில்வர் தட்டு கழுவுற சத்தம் பல்லைக் கூசுச்சு. என் குரல் பானைக்குள்ள இருந்து பேசுற மாதிரி. கழட்டி டிராயர்ல போட்டுட்டேன். அந்தப் பொண்ணு போன் பண்ணிக் கேட்டு, 'ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் போடுங்க சார், மூளை மறந்ததை மறுபடி பழகணும்'னாங்க. பொறுமையா சொன்னாங்க. அவங்களுக்காக மறுபடி எடுத்துப் போட்டேன்.

இப்ப சின்ன சந்தோஷங்களுக்கு வர்றேன். உங்களுக்கெல்லாம் இது சத்தமாவே தோணாது.

என் செருப்பு. அது நடக்கறப்போ சத்தம் போடுதுங்க! வாசல்ல இருந்து கிணத்தடி வரைக்கும் வேணும்னே ரெண்டு தடவை நடந்தேன்.

வண்டி இண்டிகேட்டர். திரும்பி முடிச்சப்புறமும் கீ கீன்னு கத்திக்கிட்டே இருக்கு. இத்தனை வருஷமா இடதுபக்கம் விளக்கு மினுக்கிக்கிட்டே பாலத்தைத் தாண்டி பவானி வரைக்கும் போயிருக்கேன். பின்னாடி வந்தவங்க என்னைத் திட்டுனதும் கேட்டிருக்காது, நல்லதாப்போச்சு.

கடுகு பொரியறது. வாசனைதான் எனக்குத் தாளிப்பு. அதுக்கு முன்னாடி படபடன்னு ஒரு சத்தம் இருக்குன்னே மறந்துட்டேன். சமையக்கட்டு வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். 'என்ன வேணும்?'னு கேட்டா. 'ஒண்ணும் வேண்டாம், நீ இன்னொரு தடவை கடுகு போடு'ன்னேன்.

குளியல்ரூம் குழாய் சொட்டிக்கிட்டு இருக்கு. 'எப்ப இருந்து?'ன்னேன். 'ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்'னா. அன்னைக்கே வாஷர் மாத்தினேன்.

தேன்சிட்டு. முருங்கைப்பூவுக்கு வர்றது தெரியும், பார்த்திருக்கேன். அவ்வளவு கத்திக்கிட்டே வருதுன்னு தெரியாது. ஊமைப்படம் பார்த்திருக்கேன் இத்தனை நாளும்.

பேட்டரியும் எனக்கு ஒரு வேடிக்கை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. முதுகுல பழுப்புக் கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரிச்சாத்தான் உயிர் வரும், ஏன்னா அது காத்தை இழுத்துக்கிட்டு வேலை செய்யுற பேட்டரி. உரிச்சு ஒரு நிமிஷம் மூச்சு வாங்கவிட்டுத்தான் மாட்டணும். அந்த ஸ்டிக்கரெல்லாம் இப்ப பேத்தியோட சொத்து. பொம்மைக்குப் பொட்டு.

அவ கண்டுபிடிச்ச விளையாட்டு ஒண்ணு இருக்கு. கதவுக்குப் பின்னாடி நின்னு ரகசியமா ஒரு வார்த்தை சொல்லுவா. நான் சொல்லணும். 'முறுக்கு'ன்னா 'சறுக்கு'ம்பேன். விழுந்து விழுந்து சிரிப்பா. பத்துக்கு ஆறு சரியா வருது. கருவி போட்டா பழைய காது திரும்பிடும்னு யாரும் நினைக்காதீங்க. கல்யாண மண்டபத்துல இப்பவும் திணர்றேன். ஆனா இப்ப புரியலைன்னா 'சரி'ன்னு சொல்றதில்லை. 'இன்னொருக்கா சொல்லு சாமி'ங்கறேன். அவளும் சலிச்சுக்காம சொல்றா. போன வாரம் முழு எறும்புக்கதையும் கேட்டேன். அந்த எறும்பு பிள்ளையார் படத்துக்குப் பின்னாடி வீடு கட்டுதாம்.

சுவர்க்கோழி வந்தது பன்னிரண்டாவது நாள் ராத்திரி. தண்ணி குடிக்க எந்திரிச்சேன். கழட்டி வெச்சதை ஏன் மாட்டுனேன்னு தெரியலை. பின்கதவைத் திறந்தா, கிணத்தடியில இருந்து கிர்ர் கிர்ர்னு ஒரே சீரா. முதல்ல கருவிதான் கத்துதோன்னு நினைச்சேன். கழட்டிப் பார்த்தேன், நின்னுருச்சு. மாட்டினேன், வந்துச்சு. அப்பவும் சந்தேகம். வீட்டுக்காரம்மாவை எழுப்பி, 'இது உனக்குக் கேக்குதா?'ன்னேன். 'இதுக்கா எழுப்புனீங்க? தினமும்தானே கத்துது'ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டா.

அப்புறம் படிச்சுப் பார்த்தேன். பல சுவர்க்கோழிகளோட சத்தம் 4000, 5000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இருக்காம். சரியா என் பள்ளத்துல. கத்தறது ஆண் மட்டும்தான், ரெண்டு முன்னிறக்கையையும் ஒண்ணோட ஒண்ணு உரசி. வெக்கை கூடினா வேகமா கத்தும், குளிருனா மெதுவா. 1897-லேயே டால்பேர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி பூச்சி கத்தறதை எண்ணி வெப்பநிலை கணக்குப்போடறதைப் பத்திக் கட்டுரை எழுதியிருக்கார். எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. அதுக்குக் காது எங்க தெரியுமா? முன்னங்கால்ல. முட்டிக்குக் கொஞ்சம் கீழ.

தறி ஓட்டுற, மில்லுல நிக்கற தம்பிங்க, தங்கச்சிங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தீங்கன்னா, காதடைப்பான் மருந்துக்கடையிலயே கிடைக்குது, விலை அதிகமில்லை. அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல காது மூக்கு தொண்டைப் பிரிவுலயே இந்தப் பொத்தான் டெஸ்ட் எடுக்கறாங்க. நான் அங்கயே போயிருக்கலாம், தெரியலை.

இப்ப மணி பத்தரை. எங்க தெருவுல பக்கத்துக் குடோன்ல இன்னைக்கு ஓட்டமில்லை. மைக்கைக் கொண்டுபோய் அந்தத் துவைக்கிற கல்லு மேல வைக்கிறேன். ஒரு நிமிஷம் நான் பேசமாட்டேன். தம்பி, இதுல எதையும் குறைக்காதே, கூட்டாதே.

கேட்டுப் பாருங்க. கேட்டுச்சுன்னா எழுதுங்க. கேக்கலைன்னா, அதையும் எழுதுங்க.

[இங்கே ஒரு நிமிடம் கிணற்றடி ஒலிப்பதிவு]